விண்டோஸ் 10-இலிருந்து 11 (25எச்2): ஒரே அலுவலகத்தில் 8 கணினிகள், எதை எப்படி மாற்றுவது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

வணக்கம். வரி தணிக்கை அலுவலகம். 8 கணினிகள், எல்லாமே விண்டோஸ் 10, 22எச்2. 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், நேராக 2025 இரண்டாம் பாதியின் பதிப்பான 25எச்2-க்கே போய்விடலாம் என்று எண்ணம். விவரம்:

அ) அசெம்பிள் டெஸ்க்டாப் 3: ஐ5-8400, 8 ஜிபி ரேம், 480 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11-க்குத் தகுதி பார்க்கும் ஹெல்த் செக் செயலி 'டிபிஎம் இல்லை, செக்யூர் பூட் இல்லை' என்கிறது (முதலாவது பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் சிப், இரண்டாவது நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் ஏற்பாடு). ஒன்றில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு உண்டு.
ஆ) லேப்டாப் 2: ஐ5-1135ஜி7, 8 ஜிபி. தகுதி உண்டு என்கிறது.
இ) டெஸ்க்டாப் 2: ஐ3-7100, 4 ஜிபி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்.
ஈ) 1: கோர் 2 டுவோ இ7500, 32 பிட் விண்டோஸ். டாஸ் ஃபாக்ஸ்புரோ 2.6-இல் எழுதிய பழைய பில்லிங் அதில்தான் ஓடுகிறது.

டாலி கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பழைய நாஸ் (நெட்வொர்க்கில் பகிரும் சேமிப்புப் பெட்டி) ஒன்று, வானவில், பாமினி எழுத்துருவில் நிறையக் கடிதங்கள். எதிலும் வேலை நிற்கக் கூடாது. எங்கிருந்து தொடங்க?

வெள்ளாறு எழுதியது:

நல்ல பட்டியல். இப்படி எழுதிக் கேட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் ஈ. அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரலை ஓட்டும் அடுக்கும் கிடையாது. அதோடு 24எச்2 முதல் பாப்கவுண்ட் என்ற கட்டளை சிப்பில் இருந்தே ஆக வேண்டும்; இ7500-இல் அது இல்லை. எந்தக் குறுக்கு வழியில் போட்டாலும் கெர்னல் ஏறாது. நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டுத் தனிப் பெட்டியாக ஓட்டுங்கள். ஃபாக்ஸ்புரோ கோப்புறையை வேறு கணினியில் டாஸ்பாக்ஸ் அல்லது விடாஸ் என்ற டாஸ் நிரல் ஓட்டும் செயலி மூலம் திறந்து, பில்லும் அச்சும் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதை நிறுத்த வேண்டும்.

தொடங்க வேண்டியது ஆ, அதாவது லேப்டாப். சிக்கல் குறைவு. ஒன்றை முடித்து, டாலி, டோக்கன், பிரிண்டர், நாஸ் நான்கும் அதில் ஓடுகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். பிறகு அ. இ-க்குத் தனி விவாதம் வேண்டும்.

தொடும் முன் ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு வேலை. ஒன்று, சி டிரைவின் முழு இமேஜ் பேக்கப் (டிரைவை அப்படியே படியெடுப்பது), வெளி ஹார்ட் டிஸ்கில். கோப்புகளை மட்டும் காப்பி செய்வது பேக்கப் ஆகாது. திரும்பி வர முடியாத நிலை வந்தால் டாலி, டோக்கன், பிரிண்டர் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். இரண்டு, டிஸ்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கரின் சாவி. லேப்டாப்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' யாரும் சொல்லாமலே ஆன் ஆகியிருக்கும். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் "மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்" கொடுங்கள். ஆன் என்றால் "மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -கெட் சி:" கொடுத்தால் 48 இலக்கச் சாவி திரையில் வரும். காகிதத்தில் எழுதுங்கள். அதே கணினியில் சேமித்தால் பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்த மாதிரி.

திருகுளி எழுதியது:

அ பற்றி நான் சொல்றேன். ஐ5-8400-க்கு டிபிஎம் இல்லாம இருக்காது. தனி சிப் வேண்டியதில்ல, சிப்செட்லயே இருக்கு. பயாஸ்ல, அதான் கணினி தொடங்கும்போது போற அமைப்புத் திரைல, அதுக்குப் பேரு 'பிடிடி'. 2018 காலத்து எச்310, பி360 போர்டுங்கள்ல தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஆஃப்ல இருக்கும். சில போர்டுல 'பெரிஃபெரல்ஸ்' பக்கம், சிலதுல 'அட்வான்ஸ்ட்' உள்ள 'டிரஸ்டட் கம்ப்யூட்டிங்' அல்லது 'பிசிஎச் ஃபர்ம்வேர்'.

ஆனா இப்பவே போய் ஆன் பண்ணாதீங்க. செக்யூர் பூட் இல்லைன்னு வர்றதப் பார்த்தா டிஸ்க் எம்பிஆர் (பழைய பிரிப்பு முறை), பூட் லெகசி (பழைய பயாஸ் முறை). பழைய முறைல பூட் ஆக விடற சிஎஸ்எம்-ஐ அணைச்சா அந்த நொடியே 'சரியான பூட் டிவைஸைத் தேர்ந்தெடு'ன்னு கறுப்புத் திரை. வரிசை இதுதான்: முதல்ல டிஸ்கை ஜிபிடி (புது பிரிப்பு முறை) ஆக்கணும், அப்புறம் பயாஸ்ல சிஎஸ்எம் ஆஃப், பிடிடி ஆன், அதுக்கும் அப்புறம் செக்யூர் பூட்.

அந்த கிராஃபிக்ஸ் கார்டு. 2012-க்கு முந்தின கார்டுங்க பலதுல யூஇஎஃப்ஐ-ங்கற புது பூட் முறைல படம் காட்டற ஜிஓபி ஃபர்ம்வேர் இருக்காது. சிஎஸ்எம் போனதும் அந்தக் கார்டு வழியா படம் வராது. கணினி ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், நமக்குத்தான் தெரியாது. கார்டைக் கழட்டிட்டு மானிட்டரைப் போர்டோட சொந்த எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ வாய்ல மாட்டுங்க. ஐ5-8400-லயே கிராஃபிக்ஸ் இருக்கு, உங்க வேலைக்கு அது தாராளம். மாட்டிக்கிட்டா பவர் கேபிளைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியை 5 நிமிஷம் கழட்டி வெச்சா பயாஸ் பழைய நிலைக்கு வந்துரும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நன்றி. அ வகையில் முதல் கணினியில், டிஸ்கை ஜிபிடி ஆக்கும் 'எம்பிஆர்2ஜிபிடி' கருவியை வேலிடேட் (சோதிக்க மட்டும்) சுவிட்சோடு ஓட்டினேன். தோல்வி என்கிறது. டிஸ்க் மேனேஜ்மெண்டில் வரிசையாக: சிஸ்டம் ரிசர்வ்ட் 100 எம்பி, சி 150 ஜிபி, பிறகு டி, ஈ டிரைவ்கள். டி-யையும் ஈ-யையும் சுற்றிப் பச்சை நிறக் கட்டம் இருக்கிறது.

வெள்ளாறு எழுதியது:

அந்தப் பச்சைக் கட்டம்தான் காரணம். அது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன். உள்ளே இருக்கும் டி, ஈ லாஜிக்கல் டிரைவ்கள். எம்பிஆர்2ஜிபிடி அதிகபட்சம் 3 பிரைமரி பார்ட்டிஷன்களை ஏற்கும். எக்ஸ்டெண்டட் ஒன்று இருந்தாலே மறுத்துவிடும். நம்மூரில் அசெம்பிள் செய்து தரும் கணினிகளில் சி, டி, ஈ, எஃப் என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம் என்பதால் இது அடிக்கடி வரும்.

1. டி, ஈ இரண்டின் தரவையும் வெளி டிஸ்குக்கு எடுங்கள். எடுத்ததை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். டாலி தரவுக் கோப்புறை டி-யில்தான் இருக்கும், அதைக் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும்.

2. பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) டி-யில் இருந்தால் சி-க்கு மாற்றி ரீஸ்டார்ட். இல்லாவிட்டால் டி-யை அழிக்க விடாது. டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் கோப்புறைகளை டி-க்கு நகர்த்தி வைத்திருந்தால் அவற்றையும் பிராப்பர்ட்டீஸ், லொகேஷன் வழியாகச் சி-க்குத் திருப்புங்கள்.

3. டிஸ்க் மேனேஜ்மெண்டில் ஈ, டி இரண்டையும் அழியுங்கள். பச்சைக் கட்டம் 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று காலியாக நிற்கும். அதையும் அழிக்க வேண்டும். கறுப்புக் கோட்டோடு 'அன்அலோகேட்டட்' என்று மாறினால்தான் எக்ஸ்டெண்டட் போனது என்று அர்த்தம். பலர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி தோல்வி என்கிறார்கள்.

4. அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் "எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலவ்ஃபுல்ஓஎஸ்". வெற்றி என்று வந்தால் வேலிடேட் இருந்த இடத்தில் கன்வெர்ட். கடைசிச் சுவிட்ச் இல்லாமல் ஓட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் வேலை செய்ய மாட்டேன் என்று நின்றுவிடும். விவரம் சி டிரைவின் விண்டோஸ் கோப்புறையில் செட்டப்ஆக்ட், செட்டப்எர் என்ற இரண்டு லாக் கோப்புகளில் இருக்கும்.

5. ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் போய், திருகுளி சொன்ன வரிசையில் மாற்றுங்கள்.

6. விண்டோஸ் வந்ததும் எம்எஸ்இன்ஃபோ32-ஐத் திறந்து பாருங்கள். பயாஸ் மோட் 'யூஇஎஃப்ஐ' என்று இருக்க வேண்டும். டிபிஎம்.எம்எஸ்சி-யில் பதிப்பு 2.0. பிறகு "ரீஏஜெண்ட்சி /இன்ஃபோ" கொடுத்து, ரெகவரி முடங்கியிருந்தால் "ரீஏஜெண்ட்சி /எனேபிள்". இதை மறந்தால் பின்னால் மீட்புத் திரை தேவைப்படும் நாளில் வராது.

டி, ஈ-யை இப்போது புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். ஜிபிடி-யில் எத்தனை வைத்தாலும் பிரச்சினை இல்லை.

திருகுளி எழுதியது:

ஒண்ணு சேர்த்துக்கறேன். செக்யூர் பூட்டை 'எனேபிள்' பண்ணியும் எம்எஸ்இன்ஃபோல 'ஆஃப்'னே காட்டும் போர்டுங்க உண்டு. காரணம், சாவிகள் ஏறாம 'செட்டப் மோட்'ல நிக்குது. அதே பக்கத்துல 'ரீஸ்டோர் ஃபேக்டரி கீஸ்'னு இருக்கும், அதை அழுத்திச் சேமிக்கணும்.

அப்புறம், 11-ஐ ஏத்தறதுக்கு செக்யூர் பூட் ஆன்ல இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. யூஇஎஃப்ஐ-ல பூட் ஆகி, செக்யூர் பூட்டுக்கு 'இயலும்'னு இருந்தாப் போதும். ஆனா தணிக்கை அலுவலகம், கையொப்ப டோக்கன் செருகுற கணினி. ஆன்ல வெச்சிடுங்க.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மூன்று டெஸ்க்டாப்பும் ஜிபிடி ஆகிவிட்டன. கார்டைக் கழற்றியாயிற்று. ஹெல்த் செக் இப்போது பச்சை. அடுத்து லேப்டாப். ஐஎஸ்ஓ (விண்டோஸ் நிறுவல் கோப்பு) இறக்கி செட்டப்பை ஓட்டினால், 'கோப்புகளும் செயலிகளும் அப்படியே இருக்கட்டும்' என்ற தேர்வு மங்கலாக, சொடுக்க முடியாமல் இருக்கிறது. 'கோப்புகள் மட்டும்' என்பதுதான் கிடைக்கிறது.

பதிவேடு எழுதியது:

அங்கேயே நிறுத்துங்கள், 'கோப்புகள் மட்டும்' என்று போய்விடாதீர்கள். டாலி உட்பட எல்லாச் செயலிகளும் போய்விடும்.

இதற்குப் பெரும்பாலும் மொழிதான் காரணம். ஐஎஸ்ஓ பட்டியலில் 'இங்கிலீஷ் (யுனைடெட் ஸ்டேட்ஸ்)', 'இங்கிலீஷ் இண்டர்நேஷனல்' என்று இரண்டு இருக்கும். கணினியின் அடிப்படை மொழி எதுவோ அதே ஐஎஸ்ஓ வேண்டும். "டிஸ்ம் /ஆன்லைன் /கெட்-இண்ட்எல்" கொடுங்கள். 'டிஃபால்ட் சிஸ்டம் யூஐ லாங்குவேஜ்' என்ற வரியில் இஎன்-யுஎஸ் என்றால் முதலாவது, இஎன்-ஜிபி என்றால் இரண்டாவது. செட்டிங்ஸில் 'இங்கிலீஷ் (இந்தியா)' என்று தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது வட்டார அமைப்பு மட்டும். ஹோம், ப்ரோ என்ற பதிப்பு பொருந்தாவிட்டாலும் இதே மங்கல் வரும்.

ஐஎஸ்ஓ பற்றி: ஒரு முறை இறக்கி எல்லாக் கணினிக்கும் அதையே பயன்படுத்துங்கள். 7 ஜிபிக்கு மேல் இருக்கும். 8 ஜிபி என்று எழுதிய பென் டிரைவில் உண்மையில் சுமார் 7.4 ஜிபிதான் பிடிக்கும் என்பதால் 16 ஜிபி எடுங்கள். பென் டிரைவ் எஃப்ஏடி32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்யுங்கள். காப்பி ஆனதும் "செர்ட்யூட்டில் -ஹாஷ்ஃபைல்" கட்டளையோடு கோப்பின் பெயரும் எஸ்எச்ஏ256-ம் கொடுத்து, இறக்கிய பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பாதியில் பழுதான ஐஎஸ்ஓ பல மணி நேரத்தை வீணாக்கும்.

ஓட்டும் முறை: ஐஎஸ்ஓ-வை முதலில் சி டிரைவுக்குக் காப்பி செய்து இரட்டைச் சொடுக்கு. தனி டிரைவாக ஏறும், உள்ளே செட்டப். முதல் திரையிலேயே 'அப்டேட்களை எப்படி இறக்குவது என்பதை மாற்று' என்று சின்ன இணைப்பு இருக்கும். அதில் 'இப்போது வேண்டாம்'. சி-யில் 25 முதல் 30 ஜிபி காலி இருக்கட்டும். மூன்றாம் தரப்பு ஆண்டிவைரஸை அணைத்தால் போதாது, நீக்க வேண்டும். டோக்கன், பென் டிரைவ், பிரிண்டர், வெப்கேம் எல்லாம் கழற்றி, கீபோர்டும் மவுஸும் மட்டும். லேப்டாப் சார்ஜரில், டெஸ்க்டாப் யூபிஎஸ்ஸில். பிட்லாக்கர் இருந்தால் "மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -டிஸேபிள் சி: -ரீபூட்கவுண்ட் 0" கொடுத்துத் தற்காலிகமாக நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் டிஸேபிளுக்குப் பதில் எனேபிள் கொடுப்பதை மறக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள், இஎன்-ஜிபி. இண்டர்நேஷனல் ஐஎஸ்ஓ போட்டதும் தேர்வு வந்துவிட்டது, லேப்டாப் இரண்டும் முடிந்தன. அடுத்து அ வகையில் ஒன்று இரண்டாவது ரீஸ்டார்ட்டில் பின்வாங்கி விண்டோஸ் 10-க்கே திரும்பிவிட்டது. பிழை எண் சி1900101 - 20017 (முன்னால் வரும் பூஜ்ஜியம்-எக்ஸை விட்டுவிட்டேன்).

பதிவேடு எழுதியது:

அந்த எண்ணை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். சி1900101 என்றால் செட்டப் பின்வாங்கியது, பெரும்பாலும் டிரைவரால். இரண்டாம் பகுதியின் முதல் இலக்கம் எந்தக் கட்டம் என்று சொல்லும். 1 என்றால் பழைய விண்டோஸுக்குள் நடக்கும் தயாரிப்பு. 2 சேஃப் ஓஎஸ், அதாவது குட்டி மீட்புச் சூழல் ஏறும் கட்டம். 3 புதிய விண்டோஸ் முதல்முறை பூட் ஆவது. 4 அதற்கு அடுத்த பூட்.

20017: சேஃப் ஓஎஸ் பூட் ஆகும்போதே விழுந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஏறுவது சேமிப்பு, சிப்செட் போன்ற அடிப்படை டிரைவர்களும், டிஸ்கை இடைமறிக்கும் வடிகட்டி டிரைவர்களும்தான். பழைய ஆண்டிவைரஸின் மிச்சம், பழைய பேக்கப் மென்பொருள், பழைய டோக்கன் அல்லது டாங்கிள் டிரைவர் எல்லாம் இதில் சேரும். 30018 என்று வந்திருந்தால் சாதன டிரைவர்களைத் தேடச் சொல்லியிருப்பேன். 4000டி என்றால் தரவு நகர்த்தும் கட்டம்; பழுதான யூசர் புரொஃபைலும் காரணமாகலாம்.

ஊகிக்க வேண்டாம், லாக் சொல்லும். சி டிரைவில் '$விண்டோஸ்.~பிடி' என்று மறைந்த கோப்புறை, அதில் சோர்ஸஸ், அதில் 'பேந்தர்', 'ரோல்பேக்' இரண்டையும் பாருங்கள். செட்டப்எர் லாக்கின் கடைசிப் பகுதி முக்கியம். செட்டப்டயக் என்ற கருவியும் அதே சோர்ஸஸ் கோப்புறையில் இருக்கும். அட்மினாக ஓட்டினால் லாக்குகளைப் படித்து, எந்த விதி பொருந்தியது, எந்த டிரைவர் என்று ஒரு கோப்பில் எழுதித் தரும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஓட்டினேன். 'ஓஇஎம்' என்று தொடங்கி 23.ஐஎன்எஃப் என்று ஒரு பெயர் வருகிறது.

பதிவேடு எழுதியது:

"பிஎன்பியூட்டில் /எனம்-டிரைவர்ஸ்" கொடுத்து, ஓஇஎம்23.ஐஎன்எஃப்-க்கு நேராக அசல் பெயர், வழங்குநர், தேதி மூன்றையும் பாருங்கள். 2012, 2014 என்று பழைய தேதியும், இப்போது யாரும் செருகாத சாதனமும் என்றால் நீக்கலாம்: "பிஎன்பியூட்டில் /டெலீட்-டிரைவர் ஓஇஎம்23.ஐஎன்எஃப் /அன்இன்ஸ்டால்". அதற்குரிய மென்பொருள் செயலிகள் பட்டியலில் இருந்தால் முதலில் அதை முறையாக நீக்கிவிட்டு இதைச் செய்யுங்கள். டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவராக இருந்தால் நீக்காதீர்கள், போர்டு தயாரிப்பாளரின் புதிய பதிப்பைப் போட வேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

2013 தேதி, முன்பு பயன்படுத்திய கையொப்ப டோக்கனின் டிரைவர். நீக்கியதும் ஒரே ஓட்டத்தில் 25எச்2 வந்துவிட்டது. மற்ற இரண்டிலும் அதே டிரைவர் இருந்ததால் முன்பே நீக்கிவிட்டேன், அவையும் முடிந்தன.

நெய்தல் எழுதியது:

டோக்கன் பற்றி ஒரு வார்த்தை. இப்போது புழக்கத்தில் உள்ள டோக்கனின் டிரைவருக்கும் இதே கதி வரலாம், வழங்கியவர் தளத்திலிருந்து விண்டோஸ் 11-க்கான பதிப்பைப் புதிதாகப் போடுங்கள். சான்றிதழும் அந்தரங்கச் சாவியும் டோக்கனுக்குள் இருப்பவை. கணினியை என்ன செய்தாலும் அவை போகாது. ஆனால் மென்பொருளில் 'இனிஷியலைஸ்' அல்லது 'ஃபார்மேட்' என்ற பொத்தானைத் தெரியாமல் அழுத்தினால் போய்விடும், மறுபடி பணம் கட்டிப் புதிதாக வாங்க வேண்டும். பின் எண்ணையும் ஊகித்து ஊகித்துப் போடக் கூடாது, பூட்டிக்கொள்ளும்.

டிரைவர் ஏறினாலும் டோக்கன் தெரியவில்லை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் பக்கத்தில் 'மெமரி இண்டெக்ரிட்டி' எந்த டிரைவரைத் தடுக்கிறது என்று பெயரோடு இருக்கும். அந்தப் பாதுகாப்பை ஆஃப் செய்துவிட்டு நகர்வது எளிது, தவறும்கூட. டிரைவரைத்தான் மாற்ற வேண்டும்.

இனி இ. ஐ3-7100 மைக்ரோசாஃப்டின் தகுதியுள்ள சிப் பட்டியலில் இல்லை. இங்கே யாராவது ரூஃபஸில் (நிறுவல் பென் டிரைவ் உருவாக்கும் செயலி) தகுதிச் சோதனையைத் தாண்ட ஒரு டிக் போட்டால் ஏறிவிடும் என்று சொல்வதற்கு முன் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: வாடிக்கையாளர் வரிக் கணக்கு இருக்கும் கணினியில் அதைச் செய்ய வேண்டாம்.

திருகுளி எழுதியது:

ஏறும்ங்க, அதுல சந்தேகம் இல்ல. 7-ம் தலைமுறைல பாப்கவுண்ட் இருக்கு, பிடிடி வழியா டிபிஎம் 2.0-ம் இருக்கு. சிப் பட்டியல்ல இல்லைங்கறது மட்டும்தான். 4 ஜிபி ரேமை 8 ஆக்கி, 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டா நல்லாவே ஓடும். நல்ல கணினியைத் தூக்கிப் போடச் சொல்றது எனக்கு ஒப்பலை.

நெய்தல் எழுதியது:

ஓடும் என்பதை மறுக்கவில்லை அண்ணா. மாதாந்தரத் திருத்தம் இன்று வருகிறது. ஆனால் அது தொடரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பும் தானாக வராது. ஒவ்வொரு முறையும் ஐஎஸ்ஓ எடுத்துத் தடையைத் தாண்டி நாமே ஏற்ற வேண்டும். ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கு ஒவ்வொன்றும் 24 மாதம்தான் ஆதரவு. 25எச்2-க்கு 2027 அக்டோபர் வரை. அந்தத் தேதியை அலுவலகத்தில் யார் நினைவு வைத்திருப்பார்கள்?

நீட்டித்த பாதுகாப்புத் திட்டம், இஎஸ்யூ, இருக்கிறது. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை; அமைப்புகளை ஒத்திசைத்தால் இலவசம், அல்லது 1000 ரிவார்ட்ஸ் புள்ளி, அல்லது 30 டாலர். நிறுவனங்களுக்குத் தனி விலை: முதல் ஆண்டு கணினிக்கு 61 டாலர், ஆண்டுதோறும் இரட்டிப்பு, அதிகபட்சம் 3 ஆண்டு. அலுவலகம் என்பதால் இரண்டாவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஓர் ஆண்டுக்கு அதைக் கட்டுவது நியாயம். இரண்டாம் ஆண்டுக்கும் கட்டுவதாக இருந்தால் அந்தப் பணத்தைப் புதுப் போர்டில் போடலாம்.

திருகுளி எழுதியது:

நிறுவனம்னா நீங்க சொல்றது சரி, ஒத்துக்கறேன். அப்படின்னா வழி இது: கேபினெட், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), மானிட்டர் அப்படியே இருக்கட்டும். போர்டு, சிப், ரேம் மட்டும் மாத்துங்க. பழைய எஸ்எம்பிஎஸ்ஸோட 12 வோல்ட் சிபியூ இணைப்பு 4 முள்ளா 8 முள்ளான்னு போர்டு வாங்கறதுக்கு முன்னாடி பாருங்க. போர்டு மாறினா விண்டோஸ் டிஜிட்டல் உரிமம் அதோட போயிடும். தனியா வாங்கின ரீட்டெயில் சாவியா இருந்தா மாத்திக்கலாம், கணினியோட வந்த ஓஇஎம்னா புதுசு வாங்கணும். விலை போடும்போது இதையும் சேருங்க. விண்டோஸ் 7, 8 சாவியை வெச்சு 11-ஐ ஆக்டிவேட் பண்றது 2023-லயே நின்னுபோச்சு.

எதைச் செஞ்சாலும் அந்த ஹார்ட் டிஸ்கை வெச்சு வேண்டாம். 11 அதுல ஏறும், ஆனா டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதத்துலயே நிக்கும்.

வெள்ளாறு எழுதியது:

புதுப் போர்டு என்றால் அந்த இரண்டிலும் புதிதாகத்தான் விண்டோஸ் போடுவீர்கள். அதற்கு முன் டாலி உரிமத்தைச் 'சரண்டர்' செய்து அந்தக் கணினியிலிருந்து விடுவித்துவிடுங்கள், செய்யாமல் ஃபார்மேட் செய்தால் மீட்க அலைய வேண்டும். மற்ற கணினிகளில் பழைய விண்டோஸின் மேலேயே ஏற்றியதால் இது தேவைப்படவில்லை. இன்னொன்று, ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு அதே 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. என்ன பதிப்பு வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இ-க்குப் போர்டு மாற்றுவது என்று முடிவு. புதிதாகப் போடும்போது தமிழ்க் கடிதங்கள் என்ன ஆகும்? லேப்டாப்பில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. ஆனால் நாஸ் இரண்டு லேப்டாப்பிலும் திறக்கவில்லை; 'நிறுவனப் பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை' என்கிறது. அப்படி ஒரு கொள்கை நாங்கள் எதுவும் வைக்கவில்லை.

அச்சுக்கோர்ப்பு எழுதியது:

எழுத்துருவுக்கு நான் வருகிறேன். மேலேயே ஏற்றினால் எழுத்துருக்கள் அப்படியே இருக்கும், புதிதாகப் போட்டால் போய்விடும். பாமினி, வானவில் போன்றவை யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. எழுத்துரு இல்லாவிட்டால் கடிதம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை, எழுத்துருவைப் போட்டதும் திரும்ப வரும். அந்த நிலையில் யாரும் 'சரிசெய்து' சேமித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்திலிருந்து எடுக்க வேண்டும். ஒன்று எல்லோரும் அறிந்த விண்டோஸ், ஃபாண்ட்ஸ் கோப்புறை. மற்றொன்று பலருக்குத் தெரியாது: விண்டோஸ் 10, 1809 பதிப்பு முதல் எழுத்துருவை இரட்டைச் சொடுக்கி 'இன்ஸ்டால்' கொடுத்தால் அது அந்தப் பயனருக்கு மட்டும் ஏறும். இருக்கும் இடம்: யூசர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ். ஒவ்வொரு பயனர் கணக்கிலும் தனித்தனியாகப் பாருங்கள். புதிய கணினியில் போடும்போது வலச் சொடுக்கி 'எல்லாப் பயனருக்கும் இன்ஸ்டால்' கொடுங்கள். பழைய டிடிபி மென்பொருள் சிலவற்றுக்கு அப்படிப் போட்டால்தான் எழுத்துரு கண்ணில் படும்.

யூனிகோட் கடிதங்களிலும் ஒன்று உண்டு. 'லதா' எழுத்துரு இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை, கூடுதல் அம்சமாக மாறிவிட்டது. அது இல்லாத கணினியில் நிர்மலா யூஐ எழுத்தில் காட்டும். எழுத்தின் அகலம் வேறு என்பதால் வரி மடிந்து பக்கம் உடையும்; ஒரு பக்கத்தில் முடிந்த கடிதத்தின் கையொப்ப வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய் நிற்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் 'தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ்' சேருங்கள். லதா, விஜயா இரண்டும் வரும். தமிழை மொழியாகச் சேர்த்தாலும் கூடவே வந்துவிடும். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. லாங்குவேஜ் அண்ட் ரீஜன் பக்கத்தில் தமிழுக்கு நேரே உள்ள மூன்று புள்ளி, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ், ஆட் எ கீபோர்டு.

நெய்தல் எழுதியது:

நாஸ்: 24எச்2 முதல் ப்ரோ பதிப்பில் இரண்டு மாற்றம். கோப்புப் பகிர்வில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கையொப்பம் கட்டாயம். கடவுச்சொல் இல்லாத 'கெஸ்ட்' நுழைவு தடை. இரண்டும் சேர்ந்தே வரும், ஏனென்றால் கையொப்பச் சாவி கடவுச்சொல்லிலிருந்துதான் பிறக்கிறது. கெஸ்டுக்குக் கடவுச்சொல் இல்லை, எனவே கையொப்பமும் இல்லை. அந்தச் செய்தியில் வரும் 'நிறுவனம்' விண்டோஸின் இயல்பு அமைப்பு மட்டுமே, வேறு யாரும் வைத்ததல்ல.

சரியான தீர்வு நாஸ் பக்கம் இருக்கிறது. அதில் ஒவ்வொருவருக்கும் பெயர், கடவுச்சொல் உருவாக்கி, பகிர்ந்த கோப்புறையில் கெஸ்டை எடுத்துவிடுங்கள். நாஸ் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். பிறகு விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜர், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் போய் நாஸின் ஐபி முகவரியோடு அதே பெயரையும் கடவுச்சொல்லையும் சேருங்கள். இதற்குப் பிறகும் கையொப்பம் பற்றிப் பிழை வந்தால் அந்த நாஸுக்கு வயதாகிவிட்டது. பவர்ஷெல்லில் கட்டாயத்தைத் தளர்த்த முடியும். வரிக் கணக்கு வைத்திருக்கும் இடத்தில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரிண்டர் ஒரு கணினியில் பகிரப்பட்டு மற்றவை அதன் வழியாக அச்சிட்டால், நெட்வொர்க் வாய் இருக்கும் பிரிண்டரை ஐபி முகவரி வைத்து ஒவ்வொரு கணினியிலும் நேரடியாகச் சேருங்கள். 11பி, 709 என்று முடியும் பகிர்வுப் பிழைகள் அதோடு போய்விடும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நாஸ் திறந்துவிட்டது. கெஸ்ட்தான் காரணம். கடைசியாக ஒன்று: பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வாய்ப்பு 10 நாள்தான் என்கிறது. காலாண்டுக் கணக்குத் தாக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. நீட்டிக்க முடியுமா?

பதிவேடு எழுதியது:

முடியும், ஆனால் அந்த 10 நாள் முடிவதற்குள் செய்ய வேண்டும். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் "டிஸ்ம் /ஆன்லைன் /செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ /வேல்யூ:60". அதிகபட்சம் 60 நாள். செட்டுக்குப் பதில் கெட் போட்டு, வேல்யூ இல்லாமல் ஓட்டினால் இப்போது எத்தனை என்று காட்டும்.

அதுவரை விண்டோஸ்.ஓல்ட் கோப்புறையையும், $விண்டோஸ்.~பிடி-யையும் தொடாதீர்கள். 'டிஸ்க் கிளீனப்', 'ஸ்டோரேஜ் சென்ஸ்' இரண்டிலும் 'பழைய விண்டோஸ் நிறுவல்கள்' என்பதில் டிக் இல்லாமல் இருக்கட்டும். புதிய பயனர் கணக்கு எதையும் இந்த இடைவெளியில் உருவாக்காதீர்கள், திரும்பும்போது தடையாகும். தாக்கல் முடிந்ததும் அதே டிஸ்க் கிளீனப்பில் 'சிஸ்டம் ஃபைல்ஸ்' பொத்தான் வழியாக நீக்குங்கள். எக்ஸ்ப்ளோரரில் கையால் அழிக்கப் பார்த்தால் உரிமைப் பிழை வந்து பாதியில் நிற்கும்.

வெள்ளாறு எழுதியது:

லேப்டாப்களில் பிட்லாக்கரைத் திரும்ப எனேபிள் செய்தீர்களா? "மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்" கொடுத்து 'ப்ரொடெக்ஷன் ஆன்' என்ற வரியைப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒன்றில் ஆஃப் என்றே இருந்தது. இப்போது இரண்டும் ஆன். நாள் வரம்பையும் ஐந்து கணினியிலும் 60 ஆக்கிவிட்டேன்.